வலது ஓரத்து நாற்காலி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கலைப் பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். வாசலைப் பார்த்து ஒரே வரிசையில் நான்கு நாற்காலிகள். உள்ளே வருபவருக்கு வலது ஓரத்தில் அப்ராஃபியாகிய நான். அடுத்து, பழைய டயர்களை அறுத்துச் சிற்பம் செய்யும் இன்கான்சா. அவனுக்கு அடுத்து புகைப்படக்காரி தவியா. இடது ஓரத்தில், கால் ஆடும் நாற்காலியில் டுஃபி.

நாற்காலிகளைப் போட்டவள் நான்தான். குழுவின் கடிதங்களை எழுதுபவளுக்கே இந்த வேலையும். எங்கள் ஊர் குமாசியில் யார் எந்தக் கூட்டத்துக்குள் வந்தாலும் வலது ஓரத்தில் தொடங்கித்தான் கைகொடுத்துக்கொண்டு போவார்கள். ஆகவே முதல் கை என்னுடையது. முதல் பார்வை, எனக்குப் பின்னால் எதிர்ச்சுவரில் தொங்கிய என் சந்தைக்காரி ஓவியத்துக்கு. டுஃபி பழைய சுவரொட்டி ஒட்டிச் செய்த பலகையை வாசல் சுவரில், வருகிறவர் முதுகுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன்.

தலைநகர் அக்ராவிலிருந்து மேடம் லாம்ப்டி வந்தார். அவருடைய கண்காட்சிக்கு எங்களில் ஒருவரைத்தான் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். முன் சந்தில் கென்கி உருண்டை அவித்து விற்பவளின் குடை வழியை அடைத்துக்கொண்டிருந்ததால், அவருடைய ஓட்டுநர் காரைச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தினார். மேடம் பட்டறையின் பின்கதவு வழியாக நுழைந்துவிட்டார்.

நாங்கள் எழுந்து நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம். வலம் இடமாகிவிட்டது. முதல் கை டுஃபிக்கு. அதோடு, நிமிர்ந்தவரின் கண்ணுக்கு நேராக அவளுடைய பலகை.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்."

"எங்கேருந்து வந்துச்சு இது உனக்கு?"

"சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச் சுவர்லேருந்து மேடம். சாவு சுவரொட்டி. மழையில நனைஞ்சு உரிஞ்சு தொங்கும், கீழேருந்து இன்னொருத்தர் முகம் எட்டிப் பாக்கும். தண்ணி பாக்கெட் வாங்கப் போறப்பல்லாம் பாப்பேன். ஒரு நாள் மொத்தமா உரிச்சுட்டு வந்துட்டேன். கடைக்காரம்மா துரத்திக்கிட்டு வந்தாங்க."

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது.

கடைசியாக என்னிடம் அதே கேள்வி. ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன்: "முன்னோர்களின் ஆவி என் தூரிகையை நடத்துகிறது."

"எந்த முன்னோர்?" என்றார்.

தவியா இருமுவதுபோல் சிரித்தாள்.

மேடம் போகும்போது என்னைத் தனியே அழைத்தார். "டுஃபியோட பலகையை எடுத்துக்கறேன். ஆனா அதுல ஒரு முகம் இருக்கு. அந்தக் குடும்பத்தோட சம்மதம் கையெழுத்தோட வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். வரலேன்னா உன்னோடதுதான் அடுத்தது. நீதானே இங்க கடிதம் எழுதறவ, பாத்துக்கோ."

அந்த முகம் என் அப்பாவுடையது. போன மழைக்காலத்தில் இறந்தார். சந்தின் எதிர்ச் சுவரில் அவருடைய சுவரொட்டியை ஒட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடந்தேன். தண்ணீர் பாக்கெட்கூட வேறு கடையில் வாங்கினேன்.

டுஃபி ஓடி வந்தாள். "அக்கா, உங்க கையெழுத்துதானே? போட்டுடுங்க, முடிஞ்சுது! மொதல்லயே கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"நான் அந்தக் குடும்பம் இல்ல டுஃபி."

அவளும் என்னைப்போல் அசாந்தேக்காரிதான், தெரியாததல்ல. எங்கள் இனத்தில் பிள்ளைகள் தாயின் குடும்பம்; தகப்பனின் குடும்பம் வேறு. என் அப்பாவின் முகத்தைப் பற்றிப் பேசும் உரிமை மாம்பொங்கில் இருக்கும் அவருடைய குடும்பத் தலைவர் அம்பொன்சாவுக்குத்தான். இதையெல்லாம் போனில் பேசினால் அவர் பாதியில் வைத்துவிடுவார். கடிதம் வேண்டும், மரியாதைக்கு ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம் வேண்டும்.

"அப்போ அவருக்கு நீங்களே எழுதுங்களேன் அக்கா."

"பாக்கலாம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, மேடத்துக்கு எழுத உட்கார்ந்தேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மேலே வலப்பக்கம் முகவரி, அதன்கீழ் தேதி. "தாங்கள் கேட்ட சம்மதத்தை வழங்க எனக்கு உரிமை இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒரு சொல்லும் பொய்யில்லை. வருத்தத்துடன் என்ற சொல்லைத் தவிர. இது ஒன்று போதும். வெள்ளிக்கிழமை சந்தைக்காரி அக்ராவுக்குக் கிளம்பிவிடுவாள்.

பலகையின் நீள அகலத்தைக் குறிப்பிடாமல் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அதன்முன் குந்தினேன். அன்றுதான் அதை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன்.

அப்பாவின் முகம் மழையில் பாதி கரைந்து, அடியிலிருந்த வேறொரு கிழவியின் தலைத்துணி அவர் நெற்றியில் தெரிந்தது. குடும்பத் தலைவர், துக்கம் காப்பவர்கள், மருமக்கள் என்று பெரிய எழுத்தில் இருந்த பெயர்களையெல்லாம் டுஃபி சுரண்டி எடுத்திருந்தாள். அடியில், எறும்பு வரிசைபோல் அச்சிட்ட பிள்ளைகளின் பெயர்களை மட்டும் விட்டிருந்தாள். அவற்றைச் சுற்றிச் சிவப்பு நூலால் தையல். மூன்றாவது பெயர் என்னுடையது.

அப்பாவைப் புதைத்த அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி வரிசை, பந்தல் கம்பத்தின் பக்கத்தில். டுஃபி அன்று வந்திருந்தாள். பார்த்திருக்கிறாள்.

வயிறு எரிந்தது. அவளுக்கு இடம் கிடைத்ததற்காக இல்லை. என் துக்கம் மாதக்கணக்கில் எதிர்ச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் முன்னோர் ஆவியைத் தேடிக்கொண்டிருந்தேன், அவள் உரித்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு ஏன் தோன்றவில்லை? என் சந்தைக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள், நாட்காட்டியில் அச்சிடுகிற அளவுக்கு.

தவியா உள்ளே வந்தாள். "என்ன அக்கா, அளவெடுத்துப் பொட்டி செய்யப் போறீங்களா?"

"போடீ."

"எனக்கும் எரியுதுக்கா. ராத்திரி பூரா என் படத்தையெல்லாம் பாத்துத் திட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் போனதும் மேடத்துக்கு எழுதியதைக் கிழித்தேன். புதுத் தாள். மேலே வலப்பக்கம் முகவரி, அதன்கீழ் தேதி. "மரியாதைக்குரிய குடும்பத் தலைவர் அம்பொன்சா அவர்களுக்கு." விஷயத்தை எழுதினேன். கையெழுத்திட வேண்டிய தாளையும் உள்ளே வைத்தேன். வியாழன் மாலைக்குள், கடிதம் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பக் கேட்டுக்கொண்டேன். "படம் நன்றாக இருக்கிறது" என்ற வரிக்குத்தான் வெகுநேரம் ஆனது. மூன்று முறை அடித்தேன். அடித்தல் உள்ள தாளை மாம்பொங்குக்கு அனுப்பக் கூடாதென்று முழுவதையும் மறுபடி எழுதி, அந்த வரியையும் சேர்த்தேன்.

பாட்டில் என் அலமாரியில் இருந்தது. என் முதல் கண்காட்சி திறக்கும் நாளில் முன்னோருக்காக மண்ணில் ஊற்ற, இரண்டு வருடமாகத் துணி சுற்றி வைத்திருந்தது.

பேருந்து நிலையத்தில் மாம்பொங் வண்டியின் ஓட்டுநர் முதலில் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"பாட்டிலு நிறையத்தானே இருக்கு? அப்புறம் நான் குடிச்சிட்டேன்னு பெருசு சத்தம் போடும்."

"நிறைய இருக்கு. மூடியைக்கூடத் திருகல."

"நல்ல சேதியா?"

"ஒருத்திக்கு" என்றேன்.

உறையின் ஓரத்தை நக்கி ஒட்டி, கட்டைவிரலால் நீளவாக்கில் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை முன்கண்ணாடிக்கு மேலிருந்த மடிப்பில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.