நடுத்துண்டு

ஓவனில் சுட்ட பாஸ்தா ட்ரேயில் மூலைகள் நான்குதான். நுன்ஸியாவின் வீட்டில் அந்த நான்குக்கும் ஆள் எப்போதோ முடிவாகிவிட்டது. ஒன்று அவள் கணவன் கத்தால்தோவுக்கு. ஒன்று கத்தால்தோவின் அண்ணன் ஒரோன்ட்சோவுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், ஞாயிறு தவறாமல் ஒரு டப்பா கேக்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார். மிச்சம் இரண்டும் மகன் எஜிடியோவுக்கு. வளர்கிற பிள்ளையாம். முப்பத்தொரு வயதில் அவனிடம் வளர்ந்துகொண்டிருந்தது வயிறு மட்டும்தான்.

மகள் ரொசால்பா இதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனாலும், வடக்கு இத்தாலியில் பொலோன்யாவில் சட்டம் படித்து, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு, வேலை கிடைக்கும்வரை என்று தெற்கே சொந்த ஊரான தாரந்தோவுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அது அவள் கண்ணை உறுத்தத் தொடங்கியது. மூலைத் துண்டு என்றால் லேசுப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் ட்ரேயின் இரும்போடு ஒட்டி முறுகி, மேலே சீஸ் காந்தி, கடித்தால் நொறுங்கும். ஓரத் துண்டு அதற்கு அடுத்தபடி. நட்டநடுவில் இருக்கும் ஒற்றைத் துண்டுக்கோ மேலே மட்டும்தான் முறுகல், மற்றபடி கொழகொழ. அது அம்மாவுக்கு.

சனிக்கிழமை முழுக்க நிற்பவள் அம்மாதான். காலையிலேயே தக்காளிக் குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். கோலிக்குண்டு அளவில் இறைச்சி உருண்டை பிடித்து, பொரித்து, முட்டை அவித்து, குழல் பாஸ்தாவை அரைவேக்காட்டில் வடித்து, அடுக்கடுக்காகப் போட்டுச் சாயங்காலம் ஓவனில் வைப்பாள். சனிக்கிழமை சுட்டதை அன்றைக்கே யாரும் தொடக்கூடாது. சூட்டோடு வெட்டினால் சரிந்து கூழாகிவிடும். ஓர் இரவு ஆறி இறுகினால்தான் செங்கல் மாதிரி நிற்கும். ஞாயிறு மத்தியானம் மேலே கொஞ்சம் குழம்பு தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, மறுபடி சூடு காட்டி, கடைசியில் தாளை எடுத்துவிட்டு அதன் மேல்முகத்தைச் சிவக்க விடுவாள்.

இவ்வளவும் செய்தவள் நடுத்துண்டைத் தட்டில் வாங்கிக்கொள்வாள். முள்கரண்டி அதில் படவே படாது. ரொட்டியால் குழம்பைத் துடைத்துத் தின்றுவிட்டு, வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லித் தட்டோடு அடுக்களைக்குப் போய்விடுவாள். ஆண்கள் ஏப்பம் விடுவார்கள். ரொசால்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு திங்கட்கிழமை அவள் போகும் பயிற்சி வகுப்பு நின்றுபோனதால் மத்தியானமே வீடு திரும்பினாள். திங்கட்கிழமைகளில் அப்பாவும் பெரியப்பாவும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒலிவ மரங்களைப் பார்க்கப் போய்விடுவார்கள். எஜிடியோ பட்டறையில் இருப்பான். மாடிப்படி ஏறும்போதே ஒரு வாசனை மூக்கைப் பிடித்தது. முறுகிய சீஸின் வாசனை. முறுகல் எல்லாம்தான் நேற்றே மூன்று வயிறுகளுக்குள் போய்விட்டதே?

அம்மா கழுவுதொட்டியில் இரும்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள் ரொசால்பா. நேற்றைய மிச்சம் என்றாள் அம்மா.

ரொசால்பா ஓவன் கதவைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

“எதுல சூடு பண்ணின?”

“நெருப்புல.”

அம்மா சட்டியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். இரவெல்லாம் அந்த வாசனை ரொசால்பாவைக் குடைந்தது. கொழகொழத் துண்டிலிருந்து அப்படி ஒரு மணம் எப்படி வரும்? கேள்வியைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால் பதில் கிடைத்திருக்கும். ஆனால் ‘மிச்சம்’ என்ற வார்த்தை குறுக்கே வந்து விழுந்தது. தடித்தடியாக மூன்று ஆம்பளைகள் மூலையைத் தின்ன, சமைத்தவள் மறுநாள் தனியாக உட்கார்ந்து பழையதைத் தின்கிறாள். கோபம் வந்தால் ரொசால்பாவுக்கு ஆராய்ச்சி ஓடாது.

அடுத்த ஞாயிறு ட்ரே மேசைக்கு வந்ததும் அவள் எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. கரண்டியை விட்டு, பெரியப்பாவுக்குரிய மூலையைப் பெயர்த்து அம்மா தட்டில் வைத்தாள். நடுத்துண்டை எடுத்துப் பெரியப்பா தட்டில் போட்டாள்.

“ஒரு ஞாயித்துக்கெழமை நடுவுல இருக்கறதத் தின்னா ஒண்ணும் கொறஞ்சிற மாட்டீங்க, பெரியப்பா.”

“வக்கீலம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க,” என்றான் எஜிடியோ. “அப்பீல் உண்டா?”

பெரியப்பா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்பாதான் எதிர்பாராமல் குழைந்துபோனார். இத்தனை வருஷமாக இது தன் புத்திக்கு எட்டவில்லையே என்றார். இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் நுன்ஸியாவுக்கு ஒரு மூலை என்று அறிவித்தார். அம்மா மூலைத் துண்டை மென்றாள். எல்லாரும் பார்க்கிறார்களே, விழுங்கித்தானே ஆகவேண்டும். அவள் முகத்தில் சந்தோஷம் துளிகூட இல்லை என்பதை ரொசால்பா அப்போதே கவனித்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேண்டுமென்றே வகுப்புக்குப் போகாமல் இருந்தாள். மத்தியானம் அம்மா ரொட்டியையும் தக்காளியையும் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சட்டி ஆணியில் தொங்கியது. வாசனை எதுவும் இல்லை.

“பாஸ்தா எங்க?”

“உங்க பெரியப்பன் வயித்துல.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு மூலை வேணும்னு நான் உன்கிட்ட வந்து அழுதேனா? ஏற்கனவே முறுகினதை மறுபடி சுட்டா கசக்கும்டி. நடுவுல இருக்கறதுதான் நாலு பக்கமும் பச்சையா, மெத்துன்னு இருக்கும். மறுநாள் நல்லா இறுகிப்போயிருக்கும். எண்ணெயே வேண்டாம், சட்டியில வச்சு சின்னத் தீயில பொறுமையா திருப்பணும். மேல ஒரு முறுகல் அதுக்கே இருக்கு. அடி, சுத்தி நாலு பக்கம், அஞ்சையும் நான் முறுக விடுவேன். உங்கப்பன் மூலையில என்ன இருக்கு, ரெண்டு பக்கம்.”

ரொசால்பா, படித்த பெண் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டாள். இதை வெளியே சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டால் என்ன?

“சொன்னா அடுத்த திங்கக்கெழம இந்த மேசையில மூணு தட்டு வந்து நிக்கும். உன் அண்ணன் பட்டறையப் பூட்டிட்டு வருவான். வாரத்துல ஒரு நேரந்தான் இந்த வீட்ல யாரும் ‘அம்மா’ன்னு கூப்பிடறதில்ல. அதுலயும் நீதி வாங்கித் தரேன்னு வந்து நின்ன.”

அந்த வாரம் முழுக்க ரொசால்பா வழி தேடினாள். அப்பாவின் அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும், காரணத்தையும் சொல்லக்கூடாது. அம்மாவுக்கு மூலை பிடிக்கவில்லை என்றால் அப்பா ஓரத்தைக் கொடுப்பார்; ஏன், எதற்கு என்று துருவுவார். ஐந்து வருடம் படித்த சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை. கடைசியில் அவளுக்குத் தோன்றியது ஒரே வழி. தோன்றியபோதே அவமானமாக இருந்தது.

ஞாயிறு அப்பா கரண்டியைப் பெருமையாக எடுத்து, மூலையைப் பெயர்த்து, அம்மா பக்கம் நீட்டினார். ரொசால்பா நடுவில் தன் தட்டை நுழைத்தாள்.

“அது எனக்கு. போன வாரமே எனக்குன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு, அம்மா பேரச் சொன்னேன்.”

எஜிடியோதான் முதலில் சிரித்தான்.

“புரட்சி எல்லாம் இந்தத் துண்டுக்குத்தானா? அப்பா காசுல படிச்சு, அம்மா பேருல பிச்சை.”

“உன்னோட ரெண்டுல ஒண்ணு இனிமே என்னோடது,” என்றாள் அவள். “பெரியப்பாவோடது பெரியப்பாவுக்கே போகட்டும்.”

பெரியப்பா அவசரமாகத் தலையாட்டினார். அப்பாவின் முகம்தான் சுருங்கிப்போனது. மகளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள், இருந்தது ஏமாற்றம். கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பேனே என்று மெல்லச் சொன்னார். ரொசால்பா மூலையைக் கடித்தாள். நடுத்துண்டு, கேட்பாரில்லாமல், அம்மா தட்டுக்குத் திரும்பியது. அம்மா ரொட்டியால் குழம்பைத் துடைத்தாள். வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா சட்டியை அடுப்பில் வைத்து, துண்டை அடிப்பக்கம் படும்படி இறக்கினாள். மெல்ல ஒரு சீறல் எழுந்தது. ரொசால்பா வாசலில் சாய்ந்து நின்று, ஒரே ஒரு வாய், எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று கேட்டாள்.

அம்மா திரும்பவில்லை. “உனக்குத்தான் மூலை இருக்கே.”

“அம்மா, அது உனக்காக...”

“தெரியும். அதுக்காகத்தான் இந்த வாரம் உன்னத் திட்டாம விட்டேன். போ, கடற்கரைப் பக்கம் ஒரு நட போயிட்டு வா. கதவச் சாத்திட்டுப் போ.”

கதவைச் சாத்தினாள். இரண்டு படி இறங்கினாள், அதற்கு மேல் கால் நகரவில்லை. கதவிடுக்கு வழியாகக் காந்தல் மணம் கசிந்து வந்தது. உள்ளே கரண்டி ஒருமுறை சட்டியை உரசியது, திருப்புகிறாள். சீறல் நின்று மறுபடி தொடங்கியது. ரொசால்பா படியிலேயே உட்கார்ந்து, இப்போது எந்தப் பக்கம் என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.