வழி சொல்லும் பெட்டி

விருது வாங்கிய மறுநாளிலிருந்து அந்தப் பயணக் கட்டுரையாளர் எந்த வண்டியில் ஏறினாலும் தன் வீட்டு வாசலில்தான் இறங்கினாள். முதல் தடவை ரயில். பதினொரு மணி நேரம் ஓடியது. வரவேண்டிய நிலையங்கள் வரிசை தப்பாமல் வந்தன. பரிசோதகர் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். இறங்கிக் காலை ஊன்றிய இடத்தில் அவளுடைய செருப்பு அலமாரி இருந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரர், "என்னம்மா, போன கையோட திரும்பிட்டீங்க?" என்றார்.

அவள் கிளம்பியது அண்ணன் இருந்த கடற்கரைக்கு. ஆமைகள் முட்டையிடும் மணல்மேடு ஒன்றை இருபது வருடமாகக் காவல் காத்தவர் அவர். யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தங்கையை அங்கே கூட்டிப்போனார். அவளும் சொல்லவில்லை. சுற்றுலா ஓர் இடத்தைத் தின்றுவிடக் கூடாது என்று வாதாடி விருது வாங்கிய அந்தக் கட்டுரையில் ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பயணக் கட்டுரைக்கும் கீழே 'எப்படிப் போவது' என்று ஒரு பெட்டி போடுவது பத்திரிகை வழக்கம். அச்சுக்குப் போகும் நேரத்தில் பெட்டி காலியாகக் கிடக்கிறது என்று ஆசிரியர் தொலைபேசியில் பதற, இவள் பழக்கதோஷத்தில் நாலு வரி சொல்லிவிட்டாள். கட்டுரையைப் படித்தவர்களைவிடப் பெட்டியைப் படித்தவர்கள் அதிகம். அவள் மேடையில் கேடயத்தோடு நின்ற மாலையில் அந்தக் கரையில் நாற்பத்தாறு பேருந்துகள் நின்றன. அந்தப் பருவத்துக்கு ஆமைகள் வரவில்லை. அண்ணன் அவளுடைய அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்க, வாரம் தவறாமல் ஒன்பது வருடம் கிளம்பினாள். பேருந்து, படகு, லாரி, நடை, எல்லாமே வாசலில் முடிந்தன. தெருமுனைக் கடைவரை தடையில்லை. அதைத் தாண்டினால் செருப்பு அலமாரிதான். ஆசிரியர் அசரவில்லை. "நல்லதாப் போச்சு, வீட்ல இருந்தே எழுதுங்க. புகையே இல்லாத பயணம்," என்றார். அதற்கும் ஒரு விருது கொடுத்தார்கள்; கேடயம் தபாலில் வந்தது.

ஒவ்வொரு தடவையும் அவள் செருப்பில் அந்தக் கரையின் மணல் ஒட்டியிருந்தது. வெளியே கொட்ட மனமில்லாமல் முன்னறையிலேயே உதறினாள். ஒன்பதாம் வருடம் அது முழங்கால் உயரம். ஒரு வியாழக்கிழமை பட்டப்பகலில் ஆமை ஒன்று மூன்று மாடி ஏறி வந்தது. குழி தோண்டி முட்டையிட்டது. மணலால் மூடித் தட்டிவிட்டு இறங்கிப் போனது. அண்ணனுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள். அவரே கூப்பிட்டார்.

"எத்தனை முட்டை?"

"நூத்திப் பத்துண்ணா."

"எண்ணினியா, அடிச்சு விடுறியா?"

"பக்கத்துலயே உட்கார்ந்து எண்ணினேன்."

"சரி, நான் வந்து பார்க்கிறேன். வழி சொல்லு."

ஒன்பது வருடமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்கு. அவர் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. நாக்கு நுனிவரை வந்த முகவரியை அவள் விழுங்கினாள்.

"இந்தத் தடவை யாருக்கும் சொல்றதா இல்லண்ணா. உனக்கும்தான்."

மறுமுனையில் அண்ணன் சிரித்தார். "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே, கழுதைக்கு," என்றார். அதன்பின் தினமும் கூப்பிட்டு மணலின் சூட்டை விசாரித்தார்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் குஞ்சுகள் படியிறங்கின. கீழ்வீட்டுக்காரர் செடித்தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி வழிவிட்டார். எங்கே போகின்றன என்று அவரும் கேட்கவில்லை. அவள் தெருவாசல்வரை இறங்கி வந்து, கடைசிக் குஞ்சு தெருமுனைக் கடையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, உள்ளே போய் மணலைச் சமன் செய்தாள்.