இருபத்தொன்றாம் வண்டியின் ரகசியச் சொல்

வெற்றிலையோடு சேர்ந்து அந்தத் துண்டுச் சீட்டும் பற்றிக்கொண்டது. நவமணி கையை நீட்டுவதற்குள் சூடம் தன் வேலையை முடித்துவிட்டது.

"ஐயோ அக்கா! அதுலதான் சொல்லு இருந்துச்சு!"

பக்கத்து வீட்டுச் செல்லாயி திகைத்துப்போய்த் தட்டைக் கீழே வைத்தாள். "நீதானேடி குடுத்த? சாமிக்குக் காட்டிட்டுப் பிரிக்கிறேன்னு!"

உண்மைதான். டாக்சிக்குப் புது வயர்லெஸ் செட். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், செட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு. அதோடு அந்தச் சீட்டும் சாமி தட்டில் இருக்கட்டும் என்று அவள்தான் வைத்தாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

செட்டை மாட்டிக்கொடுத்த மத்தியாஸ் ஸ்பேனரால் காதைச் சொறிந்தான். "எங்க மாதாவுக்கு மெழுகுவத்தி மட்டுந்தான். சீட்டு தப்பிச்சிருக்கும் லா."

ஈப்போவை அடுத்த குனோங் ராபாட் மலையடியில் இருந்த அவன் பட்டறையில் சிரிக்க அப்போது ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். மாயாண்டி. அவனும் டாக்சிக்காரன்; இன்று நவமணி அந்தச் சொல்லைச் சொல்லத் தவறினால் செட் அவனுக்கு. டாக்சிச் சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

"பரவாயில்ல, நவமணி. வழக்கம்போல பஸ் ஸ்டேஷன்ல வந்து நில்லு. வரிசைக்குக் கடைசியில எடம் வச்சிருக்கோம்."

அந்தக் கடைசி இடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக ஈப்போவில் வண்டி ஓட்டுகிறாள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவன் முன்னால் நுழைவான். பொம்பளை வண்டியா என்று பயணிகளும் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். வயர்லெஸ்ஸில் அந்தக் கதை நடக்காது. அங்கே முகம் கிடையாது, எண் மட்டும்தான். எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் சவாரி.

ஆனால் உள்ளே நுழைய வேண்டுமே!

போன மாதம் யாரோ ஒருவன் அதே அலைவரிசையில் புகுந்து, மூன்று வண்டிகளைப் பத்து காஜா என்ற ஊருக்கு வெட்டியாக ஓட வைத்தான். அன்றிலிருந்து வண்டிக்கு ஒரு ரகசியச் சொல், ஒவ்வொரு நாளும் புதிது. அது செட் வழியாகச் சவாரி பிரித்துக்கொடுக்கும் கார்த்திகேசுவுக்கும் அந்த வண்டிக்காரருக்கும் மட்டுமே தெரியும்; முந்தின நாளே சீட்டில் எழுதித் தந்துவிடுவார். ஈப்போ நகரத்தில் மாடி அறையில் உட்கார்ந்து, காலை ஏழு மணிக்கு அவர் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடுவார். ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் போல இருந்ததால் அதற்கும் 'பெரட்டு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் சொல் வராவிட்டால் அந்த செட் வேறு ஆளுக்கு.

கூப்பிட்டுக் கேட்கப் பட்டறையில் தொலைபேசி இல்லை; கைப்பேசி வராத காலம். மணி ஏழடிக்க இரண்டே நிமிடம்.

செட் கரகரத்தது. ஒன்று, இரண்டு, மூன்று... சொற்கள் பறந்தன. இருபது முடிந்தது.

"இருபத்தொண்ணு. சொல்லு?"

"அண்ணே, நான் நவமணி பேசுறேன். சீட்டு சூடத்துல எரிஞ்சிபோச்சு..."

வெறும் இரைச்சல். பத்து விநாடி.

"இருபத்தொண்ணு. ரெண்டாவது தடவை. சொல்லு?"

"என் கொரல் தெரியலையாண்ணே?"

"செட்டுல எல்லாக் கொரலும் தகர டப்பாதான். சொல்லு இல்லாம யாரையும் நம்பக் கூடாதுன்னு சங்கத்து உத்தரவு."

மாயாண்டி தன் வண்டிக் கதவைத் திறந்துவைத்தான். "மத்தியாஸ், செட்டைக் கழட்டி இங்க மாட்டு."

நவமணி யோசித்தாள். கார்த்திகேசுவுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. அதுதானே வேண்டும்?

இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். கார்த்திகேசு புதிதாக வந்த சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். ஒரு மத்தியானம் கால் வழுக்கி இடுப்பளவு ரப்பர் பால் தொட்டிக்குள் விழுந்தார். பால் உறைவதற்குள் அந்த வெள்ளைச் சிலுவார்க் கால்சட்டையை அவள்தான் துவைத்துக் காயப்போட்டாள். காயும்வரை அவர் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். 'யாருகிட்டயும் சொல்லிடாத தங்கச்சி' என்று கெஞ்சினார். அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது சொன்னால் இருபது வண்டிக்காரர்கள் கேட்பார்கள். மனுஷர் நாளைக்கு எந்த முகத்தோடு பெரட்டு எடுப்பார்?

"இருபத்தொண்ணு. கடைசித் தடவை. சொல்லு?"

நவமணி மைக்கை அழுத்தினாள்.

"அண்ணே, ஒருநாள் மத்தியானம் ஒருத்தர் சாக்கைச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் நான் யாருகிட்டயும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். செட்டைக் கழட்டினாலும் சரி."

செல்லாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

செட்டில் ஒரு செருமல். "இருபத்தொண்ணு... சரி. சேத்துக்கிட்டேன்."

"யாருண்ணே அந்தச் சாக்கு?" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது.

"பதினாலு! பெரட்டு நேரத்துல வாயை மூடு! தங்கச்சி, சாயங்காலம் நேர்ல வா, புதுச் சொல்லு தாரேன். வாங்கின ஒடனே படி. சூடம் கீடம் கொண்டாந்தே, அப்புறம் தெரியும்!"

மத்தியாஸ் விசிலடித்தான். மாயாண்டி கதவைச் சாத்திவிட்டு மெல்ல அருகில் வந்தான்.

"எனக்கு மட்டும் சொல்லேன். யாரு அது?"

"ஒனக்குச் சொன்னா, நாளைக்கு என்னை யாரு நம்பிச் சேத்துக்குவாங்க?"

அவன் முறைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அவள் வண்டியின் முன்கண்ணாடியில் வழிந்திருந்த சந்தனத்தைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டான். "சாலை தெரியணும் லா. பாத்துப் போ."

செட் மறுபடி கரகரத்தது.

"இருபத்தொண்ணு. பத்து காஜா ஆஸ்பத்திரி. பச்சைப் பிள்ளையோட ஒரு அம்மா வீட்டுக்குப் போவணும். மெதுவா ஓட்டுற ஆளா வேணுமாம்."

"இருபத்தொண்ணு வாரேன்!"

எலுமிச்சம்பழம் 'சப்'பென்று நசுங்கியது. வண்டி மலையைத் தாண்டிப் பாய்ந்தது.