நாலாம் பக்கத்து வருத்தம்

பேப்பர் கட்டைப் பிரித்ததும் ஏஜென்ட் ராஜாங்கம் மாலைப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மண்ணெண்ணெய் விநியோக அறிவிப்புக்குக் கீழே இரண்டு வரி. 'செவ்வாயன்று வெளியான படம் தவறானது. வருந்துகிறோம்.'

"போட்டுட்டாங்க பாரு தங்கச்சி. நாலு நாளா பேப்பர் ஆபீசுக்கு நடந்தியே, வீணாப் போவல."

அஞ்சலாட்சி இரண்டு முறை படித்தாள்.

"யார் படம்? என்ன தப்பு? ஒண்ணுமே இல்லியேண்ணே."

செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்தில் அவள் முகம் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தை திருடிப் பிடிபட்டவள் யாரோ அமிர்தவல்லி. முத்தியால்பேட்டை ஸ்டுடியோவில் இருவரும் ஒரே நாளில் படம் எடுத்திருந்தார்கள். நிருபர் அவசரப்படுத்த, ஸ்டுடியோக்காரர் கவரை மாற்றிக் கொடுத்துவிட்டார். பெயரை யாரும் படிக்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். குழாயடியில் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஜாமீனில் வந்திருக்கிறாள் என்று பேச்சு.

தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் மேஸ்திரி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "நீ இல்லன்னு எனக்குத் தெரியும். உன்கூட ஒக்கார மாட்டேங்கறாளுங்களே. பேப்பர்ல வந்தத பேப்பரே இல்லன்னு சொல்லட்டும். சனிக்கெழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளு."

இன்று சனிக்கிழமை.

"போஸ்டர்ல எழுதுண்ணே" என்றாள்.

பத்திரிகையின் பெயர் மட்டும் அச்சாகி, மீதி வெற்றுத் தாளாகக் கட்டோடு போஸ்டர் வரும். அந்தந்த ஏஜென்ட் மையைத் தொட்டு எழுதித் தொங்கவிடுவார். செவ்வாயன்று 'குழந்தை திருடிய முத்தியால்பேட்டைப் பெண் – படத்துடன்' என்று எழுதியவர் ராஜாங்கம்தான்.

"மன்னிப்புக் கேட்டத எவன் வாங்கிப் படிப்பான்? இன்னிக்கி பிள்ளைச்சாவடியில படகு கவுந்துருக்கு. அதத்தான் எழுதணும்."

"எம் மூஞ்சிய விக்கும்போது இனிச்சுதா?"

அவள் பிரஷ்ஷைப் பிடுங்கினாள். ராஜாங்கம் தடுக்கக் கை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார். ஒரு தாளைத் தரையில் விரித்துக் கோணல் எழுத்தில் எழுதினாள்: 'குழந்தை திருடியது நானில்லை. பேப்பர் போட்டது பொய். அஞ்சலாட்சி.'

மை காய்வதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "உள்ள போட்டுருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அரை மணியில் கட்டு காலி.

ராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல். "செவ்வாக்கெழமைய விட நல்லா ஓடுது தங்கச்சி. நாளைக்கும் ஒண்ணு எழுதித் தாயேன்."

பொய்யையும் விற்றார், மெய்யையும் விற்றார். போஸ்டரை வெடுக்கென்று பிடுங்கிச் சுருட்டினாள்.

"உன் கடைக்காகவா எழுதினேன்?"

ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட்டில் அதை விரித்துப் பிடித்தபடி நின்றாள். வெளியே வந்த பெண்கள் தயங்கினார்கள். பத்திரிகையின் அச்சுப் பெயரைப் பார்த்ததும் நெருங்கினார்கள். ஒருத்தி மற்றவர்களுக்காகச் சத்தமாகப் படித்தாள். "பேப்பர்லயே போட்டுட்டான்டீ." தினம் அஞ்சலாட்சியின் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள், நாலு நாளாக முகம் திருப்பியவள்.

மேஸ்திரி ஓடி வந்தார். "சரி சரி, திங்கக்கெழமை வேலைக்கு வா. மொதல்ல அத எறக்கு. மொதலாளி காரு வருது."

அஞ்சலாட்சி கையை இன்னும் உயர்த்தினாள்.

"அவரும் படிக்கட்டும்."