இசக்கியின் மூடிய கண்கள்

1997 ஆவணியில் ஷார்ஜாவில் போய் இறங்கிய இசக்கிக்கு ஷார்ஜா தெரியவில்லை. ஊரில், பழவங்காடியில் அவனும் வேல்சாமியும் சேர்ந்து நடத்திய போர்டு எழுதும் கடையின் அழுக்குச் சுவரும், பெயின்ட் டப்பாக்களும், பீடி பிடித்துக்கொண்டிருந்த வேல்சாமியின் முட்டியும்தான் தெரிந்தன.

தப்பு வேல்சாமியுடையது. கடையில் எழுத்தெல்லாம் இசக்கி, முகமெல்லாம் வேல்சாமி. சாமி முகமோ கட்சிக்காரர் முகமோ, கண்ணை மட்டும் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் விசா திடீரென்று வந்துவிட்டது, நினைவுக்காக வேல்சாமி வரையத் தொடங்கிய படத்துக்கு உட்கார இசக்கிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மூக்கையும் மீசையையும் ஆள் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம், அந்தக் குறும்புக் கண்ணுக்கு ஆள் வேண்டும் என்று வேல்சாமி கண்ணை முதலில் போட்டான். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். விமானம் கடலைத் தாண்டுகிற நேரத்தில் இங்கே பெயின்ட் காய்ந்தது, பார்வை படத்திலேயே தங்கிவிட்டது.

பக்கத்து டெலிபோன் பூத்துக்கு இசக்கியின் போன் வந்தது.

"எலேய் வேலு, அந்தப் படத்தத் தூக்கி வையி. காலைலேருந்து ஒன் முட்டியையே பாத்துட்டுக் கெடக்கேன்."

வேல்சாமி சிரித்துவிட்டான். இசக்கி சிரிக்கவில்லை. கண்நோவு என்று பொய் சொல்லி ரூமில் படுத்திருந்தான், சனிக்கிழமைக்குள் பிரஷைத் தொடாவிட்டால், போர்டு எழுதக் கூப்பிட்ட கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். குருடனாக வந்து என்ன செய்வது?

இசக்கியின் மனைவி பூமாரி நிறைமாத வயிற்றோடு கடைக்கு வந்து நின்றாள். "டர்பன்டைன் வெச்சுத் தொடச்சிருங்க அண்ணாச்சி."

"தொடச்சா பார்வையும் சேந்து போயிட்டுன்னா, தாயி?"

தூங்குகிறவனின் பார்வை எங்கும் போய்விடுவதில்லை என்று வேல்சாமிக்குத் தோன்றியது அப்போதுதான். படத்தைத் தூங்கவைத்தால் பார்வை அழியாமல் இசக்கியிடமே திரும்பலாம், இமைகளை மூடியதுபோல் வரைந்துவிடலாம். மறுநாள் படத்தைப் பூத்துக்குள் தூக்கிவந்தார்கள். இசக்கி லைனில் இருக்க, ரிசீவரை வேல்சாமியின் காதருகே பிடித்துக்கொண்டு பூமாரி நின்றாள். வேல்சாமி இமை போடத் தொடங்கினான். இடது இமை முடிந்ததும், "ஒரு பக்கம் இருட்டிட்டு, கேட்டோ," என்றான் இசக்கி. வலது இமைக்குப் பிறகு, "வேலு, ஒண்ணுமே தெரியல," என்றான். அத்துடன் லைன் அறுந்தது.

பெயின்ட் காயும்வரை இருவரும் பூத் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வேல்சாமி கண்ணை இழுத்து மூடிக்கொண்டான், நண்பனை இருட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் போன் அடித்தது. ரூம் சுவரில் பல்லி ஓடுவதாக இசக்கி அழுதுகொண்டே சொன்னான்.

படத்தைப் பூமாரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் பிறந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷார்ஜாவில் லீவு நாளில் இசக்கி அசந்து தூங்கியபோது, படத்தின் இமைகள் திறந்தன. மறுநாள் போனில், "புள்ளைக்கி எங்க அம்மை மூக்கு," என்றான். பிறகு, அவன் தூங்குகிற வெள்ளிக்கிழமை மத்தியானம்தோறும் பூமாரி பிள்ளைக்குப் பொட்டிட்டுப் படத்தின் முன்னால் உட்காரவைத்தாள். பிள்ளை அங்கேதான் தவழ்ந்தது, நடந்தது, சிலேட்டில் அப்பாவைப்போலவே வளைவாக 'அ' போட்டது. வேல்சாமியும் வந்து, கண்ணில் படும்படி சற்று நேரம் நின்றுவிட்டுப் போவான். ஷார்ஜாவுக்குச் சத்தம் கேட்காது என்று தெரிந்தும், அந்தத் தெரு மீன்காரி வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மட்டும் கூவாமல் கடந்துபோவாள்.