ஒரு விரல் உயரம்

பெரிய சாஃப்ட்வேரின் லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது என்று மறுபடியும் மின்னஞ்சல் வந்தது. அண்ணி அதைப் படித்தாள், ஆறிப்போன தேநீரைக் குடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டு வெல்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரும்பு கொண்டுவரும் லாரிக்காரர்கூட, அவளைவிட இருபது வயது மூத்தவர், அப்படித்தான் கூப்பிட்டார்.

கணவன் இறந்து அரை வருடம் ஆகிறது. அவள் இன்னும் அழவில்லை. அழக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, சில சமயம் அவனை வேண்டுமென்றே நினைத்துப் பார்ப்பாள். ஒன்றும் உறைக்காது. திரும்பி வேலையைப் பார்ப்பாள்.

வேலை என்பது வேன்களுக்கு சஸ்பென்ஷன் வடிவமைப்பது. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், கம்பி, மூட்டு எல்லாம் அதில் அடக்கம். எந்த மூட்டு எந்த இடத்தில் என்று புள்ளி வைப்பது அவள். ஸ்பிரிங்கும் பாரமும் கணவனின் பாடு. இரண்டையும் வாங்கிக்கொண்டு, வண்டி எப்படி நிற்கும், வளைவில் எவ்வளவு சாயும் என்று சொல்வது அந்தப் பெரிய சாஃப்ட்வேர். அதன் ஆண்டுக் கட்டணத்தை இனிக் கட்ட வழியில்லை. கையில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

மிச்சமிருந்தது ஒரே ஆர்டர். சக்கர நாற்காலியோடு பிள்ளைகள் ஏறுவதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேன் கேட்டிருந்தது. இந்த மாதத்துக்குள் வரைபடம் கொடுக்காவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும், அதன் பின்னாலேயே பட்டறைக்கும் பூட்டுதான். கொழுந்தனுக்கு வெளியே ஒரு பெரிய கம்பெனியில் வேலை காத்திருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் முன்பைவிட அடிக்கடி சட்டையை இஸ்திரி போட்டு வந்தான்.

மலிவாக வேறொரு சாஃப்ட்வேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அண்ணி மூன்றை இறக்கி வைத்திருந்தாள். முதலாவது கல்யாண ஆல்பம் மாதிரி. திரையில் வண்டி பளபளவென்று சுழலும், கணக்கைக் கேட்டால் மட்டும் மூச்சு வாங்கும். இரண்டாவதற்கு மாதச் சந்தா; அதை விற்பவன் தினமும் போன் செய்து, 'மேடம், முடிவு பண்ணிட்டீங்களா' என்று மாப்பிள்ளை வீட்டுக்காரனைப்போல் கேட்டான். மூன்றாவது இலவசம். யாரோ ஒரு வாத்தியார் தன் மாணவர்களுக்காக எழுதியது. பார்த்தால் வரி கட்டும் படிவம்தான், வெறும் கட்டங்கள். நிரப்பாமல் விட்டாலும் ஏனென்று கேட்காத சாது.

எதை நம்புவது என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முற்றத்தில் ஒரு பழைய கறுப்பு வேன் நின்றது. பெயர் எருமை. கணவனும் அவளும் சேர்ந்து செய்த முதல் வண்டி. முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அப்போதே அளந்து, அலுவலறைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக எது வந்தாலும் முதலில் எருமையை உள்ளே கொடுத்துப் பார்ப்பார்கள். சுவரில் இருப்பதைச் சொன்னால் பாஸ்.

மூன்றுமே தோற்றன. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாகச் சொல்லின. அண்ணி புள்ளிகளைச் சரிபார்த்தாள், ஸ்பிரிங்கைச் சரிபார்த்தாள். பெரிய சாஃப்ட்வேரைத் திறந்து, கணவன் சேமித்து வைத்திருந்த எருமையின் பழைய கணக்கை ஓட விட்டாள். அது மட்டும் சுவரை அப்படியே சொன்னது.

"ஒரு விரல்தானே அண்ணி," என்றான் கொழுந்தன்.

"நிக்கும்போதே ஒரு விரல் பொய் சொல்லுது, தம்பி. வளைவுல என்ன சொல்லும்? உள்ள இருக்கறது நாற்காலியோட பிள்ளைங்க."

"சரி. அப்ப பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிடலாமா?"

"சொல்லிடுங்க." குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவன் போனை எடுத்தான், எண்ணைத் தேடினான், திரும்ப வைத்தான். "மூணு பேரு, ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க, பேசி வச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்வாங்களா? வாங்க, வண்டியவே கேட்டுடலாம்."

முற்றத்தில் வெயில் இறங்கியிருந்தது. சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, கொழுந்தன் மண்டியிட்டு டேப்பைப் பிடித்தான். எண்ணைப் படித்தான். நம்பாமல் மறுபடியும் பிடித்துப் படித்தான்.

"சாஃப்ட்வேர் சொல்றதுதான் இருக்கு. சுவர்ல இருக்கறதுதான் தப்பு. யாரு அளந்தது?"

"நான்."

அளந்தது நினைவுக்கு வந்தது. இதே இடத்தில் அவள் குனிந்திருந்தாள். தலைக்கு மேலே ஜன்னலிலிருந்து அவன் குரல். 'சீக்கிரம் அளடி. உள்ள வேகுது. என் வெயிட்டை மட்டும் ஊருக்குச் சொல்லிடாதே.' அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். எந்த வண்டியை அளந்தாலும் உள்ளே உட்காருவான். ஓட்ட ஆள் இல்லாமல் வண்டி என்ன வண்டி என்பான். எப்போதும் அங்கேயே இருந்ததால், அவனையும் சேர்த்து அளந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அண்ணி உள்ளே போய் அந்த இலவசப் படிவத்தைத் திறந்தாள். கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'ஓட்டுநர் எடை.' மற்ற இரண்டிலும்கூட அவள் அதைத் தொட்டிருக்கவில்லை. பெரிய சாஃப்ட்வேரில் அதை அவன் எப்போதோ நிரப்பியிருந்தான்; அவளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டி வந்ததே இல்லை.

கடைசி நாட்களில் அவனைத் தூக்கி உட்கார வைக்க அவள் ஒருத்தியே போதுமாக இருந்தது. அந்த எடையை அல்ல, அதற்கு முந்தைய எடையை அடித்தாள். திரையில் எருமை ஓட்டுநர் பக்கம் மெல்ல இறங்கியது. சுவரில் இருந்த எண்ணில் வந்து நின்றது.

"பாஸ்," என்றான் கொழுந்தன், பின்னாலிருந்து. "காசே இல்லாம பாஸ். பள்ளிக்கூடத்துக்கு வரைஞ்சு கொடுத்துடலாம், அண்ணி."

அவள் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எருமையைப் பார்த்தாள். அரை வருடமாக அது ஒரு விரல் நிமிர்ந்து நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள், போனாள்.

"இன்னொரு தடவை அளக்கணும்," என்றாள்.

"அதான் சரியா வந்துடுச்சே."

"டேப்பை எடுத்துட்டு வாங்க, தம்பி."

கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழி அவளுக்கு மிகவும் பெரிது. பெடல்களுக்குக் கால் எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். கீழே டேப் இழுபடும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு?"

கொழுந்தன் விளிம்பில் கட்டைவிரலை வைத்து எண்ணைப் படித்தான்.

"பாதிதான் இறங்குது, அண்ணி."

வலித்தது. மரத்த காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது வலிக்குமே, அப்படி வலித்தது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, வெல்டர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அழுதாள். கொழுந்தன் டேப்பைச் சுருட்டவில்லை. விளிம்பில் பிடித்தபடியே மண்டியிட்டிருந்தான்.