ஜவுபரின் காரும் காணாமல்போன பெற்றோலும்

ஹாட்வெயார் கடை ஜவுபர் ஹைபிரிட் கார் வாங்கிய செய்தி, கார் கல்முனைக்கு வந்துசேர முன்பே வந்துசேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, ஜவுபரேதான். கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் தேநீர்க்கடைக் காலிதீனுக்குப் போன் எடுத்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, மஹியங்கனையத் தாண்டிட்டன்", "காக்கா, அம்பாறைக்கு வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சண்டை முடிந்து மூன்றாவது வருஷம் அது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, வீதிக்குக் கறுப்புத் தார் ஏறி, ஆளாளுக்கு வாகனம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுனாமியில் கடையைப் பறிகொடுத்த ஜவுபர், பிறகு கரையோரத்தார் எல்லாரும் வீடு கட்டக் கிளம்பியபோது சீமெந்தும் கம்பியும் விற்றுத் தலைநிமிர்ந்தவர். தலை கொஞ்சம் கூடவே நிமிர்ந்துவிட்டது என்பது காலிதீனின் அபிப்பிராயம்.

காரின் முதல் பெருமை அதற்குச் சத்தமே இல்லை என்பது. முதல் சங்கடமும் அதுதான். சந்தைச் சந்தியில் காரை நிறுத்தியவுடன் என்ஜின் தானாக அடங்கிவிட்டது. ஜவுபர் கண்ணாடியை இறக்கி, பார்க்க வந்தவர்களுக்கு அந்த அதிசயத்தை விளக்க வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் ஓடிவந்து பின்னால் கைவைத்துத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். நின்றுபோன வாகனத்தைச் சும்மா நின்று பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

"தள்ளாதீங்கடா! ஓடிட்டுத்தான்டா இரிக்கி!" என்று கத்தினார் ஜவுபர்.

"வெக்கப்படாதீங்க முதலாளி. புதுசும் சிலநேரம் நிண்டுதான் போகும்" என்று ஒருவன் ஆறுதல் சொன்னான். சந்தி தாண்டும்வரை தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

அவமானத்தை மறைக்கவோ என்னவோ, அன்று பின்னேரம் காலிதீனின் கடையில் ஜவுபர் பெரிய பேச்சாகப் பேசிவிட்டார்.

"லீட்டருக்கு இருவத்தஞ்சு கிலோமீற்றர் காக்கா! பெற்றோல் மணத்திலயே ஓடும். பாதி நேரம் கறண்டுதான்."

காலிதீன் தேநீரை இழுத்து ஆற்றியபடி, "பாப்பமே" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஜவுபருக்கு நிம்மதி போயிற்று.

வெளியே காலிதீன் என்றால், வீட்டிலே கைருன்னிஸா. ஜவுபரின் மனைவி. கார் வாசலுக்கு வந்த அன்று ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து தொட்டுப் பார்த்தது, அவள் மட்டும் படியை விட்டு இறங்கவில்லை. காரணம் இருந்தது. இந்தக் காருக்காக ஜவுபர் பழைய டீசல் வேனை விற்றிருந்தார், அதுவும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அவளையும், கைக்குழந்தையைப் போல அவள் நெஞ்சில் ஒட்டிக்கிடந்த மகள் நஜ்லாவையும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரையும் சம்மாந்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வேன்தான். கடகடவென்று ஒழுங்கையே அதிரக் கிளம்பும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தொற்றினார்கள்.

"எங்கட உசிரக் காப்பாத்தின வாகனத்த வித்துப்போட்டு ஊமைக் கார் வாங்கி வந்திரிக்கீங்களா? வல்லாஹி, இந்தக் காருல நான் ஒரு பயணம் போகமாட்டன்!" என்று ஒழுங்கையே கேட்கச் சத்தியம் பண்ணினாள்.

ஜவுபர் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் கார் வாங்கியது காலிதீனுக்குக் காட்ட மட்டுமல்ல. கைருன்னிஸாவை முன் சீற்றில் இருத்தி, பொத்துவிலில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்கு ஒரு தரமாவது பவுசாகக் கூட்டிப்போக வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டிருந்தார். இப்போது அந்த இடப்பக்கச் சீற்று, கொழும்பில் போட்ட பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் வெறுமையாய்க் கிடந்தது.

ஆகவே கார் பெரும்பாலும் கொட்டிலுக்குள்தான் நின்றது. கடை நடந்துபோகும் தூரம். வெயிலில் விட்டால் நிறம் மங்கிவிடும், சந்தையில் விட்டால் யாராவது கீறிவிடுவார்கள். லட்சக்கணக்கில் கார் வாங்கிய மனிதர் பழையபடி சைக்கிளில்தான் கடைக்குப் போனார். சுனாமிக்குப் பிறகு ஊரார் எல்லாரும் செய்வதுபோல, காரின் மூக்கு மேற்கே வீதியைப் பார்த்திருக்கும்படி பின்பக்கமாக ஏற்றி நிறுத்தி, கார்ச் சாவியைக் கதவடி ஆணியில் கொழுவிவிட்டுப் போவார். எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்க வேண்டுமே.

இரண்டு மாதத்தில் விஷயம் முற்றிவிட்டது. ஓடிய தூரத்தையும் அடித்த பெற்றோலையும் எத்தனை தரம் வகுத்துப் பார்த்தாலும் லீட்டருக்குப் பதின்மூன்றுதான் வந்தது.

"என்ன முதலாளி, மணத்தில ஓடுறது இப்ப குடிக்கவும் பழகிட்டோ?" என்று காலிதீன் ஆட்கள் நிறைந்த நேரம் பார்த்துக் கேட்டார். கடையே சிரித்தது.

ஜவுபர் காரை வாங்கித் தந்த கொழும்புத் தரகரைச் சந்தேகித்துப் போனில் சண்டை போட்டார். பெற்றோல் நிரப்பும் பையனைச் சந்தேகித்தார். கடைசியில் யாரோ குழாய் விட்டு உறிஞ்சுகிறார்கள் என்று முடிவுக்கு வந்து, கொட்டிலுக்குப் பெரிய பூட்டொன்று போட்டார். சொந்தக் கடையிலேயே விலை கூடிய பூட்டு. மேலதிகச் சாவியைக் கைருன்னிஸாவிடம் கொடுத்து, "பகல்ல யாராச்சும் காருக்குக் கிட்ட வாறாங்களா?" என்று கேட்டார்.

"நான் இரிக்கக்குள்ள ஒரு பூனையும் கிட்ட வராது" என்றாள் அவள், மீன் கழுவியபடி, முகத்தைத் திருப்பாமல்.

பூட்டுப் போட்ட பிறகு பெற்றோல் இன்னும் வேகமாகக் குறைந்தது. ஒருநாள் டிரைவர் சீற்று பின்னுக்குச் சாய்ந்து கிடந்தது. இன்னொரு நாள் அதன் இடுக்கில் முறுக்குத் துண்டொன்று அகப்பட்டது. நஜ்லாவைக் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சித்திரைப் புதுவருஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும். ஜவுபர் பகல் சாப்பாட்டுக்கு வந்து, சோற்றில் கைவைத்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அலறியது. சுமாத்திராப் பக்கம் பெரிய பூமியதிர்ச்சி, கரையோரத்தில் இருப்பவர்கள் உடனே கடலை விட்டு உள்பக்கமாகப் போகவும். ஒழுங்கை முழுக்கக் கதவுகள் அடிபட்டன, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள்.

ஜவுபர் எச்சில் கையோடு கொட்டில் பூட்டைத் திறந்து காருக்கு ஓடினார். நஜ்லாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் பின்னால் அடைந்துகொண்டார்கள். கைருன்னிஸா கொட்டில் வாசலில் நின்றாள். ஒரு கையில் காணி உறுதிகள் வைத்த பை, மறு கையில் முந்தானை. ஏறவில்லை.

"ஏறு புள்ள!"

"நான் சத்தியம் பண்ணிட்டன். நீங்க போங்க. நான் ஆட்டோ ஒண்டப் புடிச்சி வாறன்."

ஜவுபர் எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "அல்லாவுக்காக ஏறு கைருன்னிஸா! சத்தியம் முறிஞ்சா அதுக்குப் பரிகாரமா கப்பாறா நான் குடுக்கன். பத்து ஏழைக்கில்ல, நூறு பேருக்குச் சோறு ஆக்கிப் போடுறன். நீ இல்லாம நான் எங்க போற?"

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் ஏறினாள். பொலித்தீன் உறை சரசரவென்று நொறுங்கியது.

ஜவுபர் பொத்தானை அமுக்கினார். சத்தமில்லை. மறுபடி அமுக்கினார். ஏதேதோ விளக்கு எரிந்தது, சத்தமில்லை. மூன்றாம் தரம் அமுக்க, எரிந்ததும் அணைந்துபோனது. இரண்டு மாதமாக ஓட்டிய கார்தான். ஆனால் பயம் பிடித்த காது பழைய வேனின் கடகடப்பைத் தேடியது. "யா அல்லாஹ், செத்துப் போச்சே!" என்று ஸ்டியரிங்கில் அடித்தார்.

"கைய எடுங்க" என்றாள் கைருன்னிஸா. "முதல்ல பிரேக்க மிதிங்க. நல்லா மிதிங்க. ஓம், இப்ப ஒருக்கா மட்டும் அமத்துங்க. பச்சை எழுத்து வந்திட்டா? வந்தா அது ஓடுது. சத்தத்தப் பாத்திட்டு இரிக்காதீங்க, விடுங்க!"

கார் கிளம்பியது. அவள் கை, கண் பார்க்காமலே போய் ஏசியை இரண்டு கட்டம் கூட்டி, காற்றைத் தன் பக்கம் திருப்பிவிட்டது.

சம்மாந்துறை வீதியில் வாகனங்கள் முட்டிக்கொண்டு நின்றன. இருபக்கமும் வயல். கடல் பின்னால் தூரமாகிவிட்டது என்று நிச்சயமானதும்தான் ஜவுபரின் மூளை வேலைசெய்யத் தொடங்கியது.

"உனக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்த?"

கைருன்னிஸா வயலைப் பார்த்தாள். பின் சீற்றில் நஜ்லா பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். "உம்மா நாளாந்தம் பகலைக்கு காருக்குள்ளதான் வாப்பா! ஏசியப் போட்டு, சீற்றைச் சாய்ச்சி, முறுக்குச் சாப்பிட்டுட்டு!"

"சத்தியம் பண்ணினியே!"

"பயணம் போகமாட்டன் எண்டுதான் சொன்ன. ஏறி இரிக்கமாட்டன் எண்டு சொன்னனா?"

"அப்ப என்ட பெற்றோல்?"

"அதக் காருக்கிட்டக் கேளுங்க."

ஜவுபருக்குக் கோபம் ஏறிக்கொண்டுதான் வந்தது. காலிதீனின் கடையில் பட்ட அவமானம், தரகரோடு போட்ட சண்டை, வீணாய்ப் போன பூட்டு எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தன. அதற்குள் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"முதல் நாள் கோவத்துலதான் ஏறின. எதுக்காக வேன வித்த மனிசன் எண்டு பாப்பம் எண்டு. கண்ணாடிய ஏத்தினன். கடல் கேக்கல்ல." தன் பக்கக் கண்ணாடி முழுக்க ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். "கடல் வந்த அண்டையிலிருந்து வீட்டுக்குள்ள எந்த மூலைக்குப் போனாலும் எனக்கு அது கேக்கும். சமைக்கக்குள்ளயும் கேக்கும், தொழக்குள்ளயும் கேக்கும். நீங்க கடைக்குப் போயிருவீங்க. இதுக்குள்ள மட்டுந்தான் கேக்கல்ல."

வாய்க்கு வந்ததையெல்லாம் ஜவுபர் விழுங்கிவிட்டார். ஏழு வருஷமாய் ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு இது தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஏசியை அவள் பக்கம் இன்னும் ஒரு கட்டம் கூட்டினார்.

கடல் அன்று வரவில்லை. பின்னேரம் எல்லாரும் திரும்பினார்கள். நூறு பேர் என்ற வாக்கு பத்தில் வந்து நிற்க, அந்த வெள்ளிக்கிழமை கப்பாறாவுக்குப் பத்து ஏழைகளைத் தேடிப்பிடித்து இறைச்சியும் சோறும் கொடுத்தார்கள். சமைத்தது காலிதீன்தான். எதற்கென்று எத்தனை தரம் துருவியும் ஜவுபர் வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை பொத்துவிலுக்குப் போய் வந்தார்கள். முன் சீற்றின் பொலித்தீனைக் கைருன்னிஸாவே கிழித்து எறிந்தாள்.

அதற்கும் அடுத்த திங்கள், காலிதீனின் கடையில் நல்ல கூட்டம்.

"முதலாளி, இப்ப லீட்டருக்கு எத்தின ஓடுது?"

"பத்து" என்றார் ஜவுபர்.

காலிதீன் தேநீர் இழுப்பதை நிறுத்திவிட்டார். "பத்தா? அப்ப வித்துப்போட்டுப் பழையபடி வேனொண்ட வாங்குங்களன்!"

கடை அதிரச் சிரித்தது. ஜவுபரும் சேர்ந்து சிரித்தார். "ஏமாந்திட்டன் காக்கா, என்ன செய்ற" என்றார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். உச்சி வெயில் ஏறிவிட்டது. இந்நேரம் கொட்டிலுக்குள் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் போக எழும்பியவர் மறுபடி இருந்து, இன்னொரு பிளேன்டீ சொன்னார்.